ஆய்வுக்கூடம் இல்லையா? டயாலிசிஸ் அறை இருக்கிறதே!

கேள்வி: வணக்கம் டாக்டர். சிறுநீரகவியல் மேற்படிப்பில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். காலையில் வார்டு ரவுண்ட்ஸ், அப்புறம் டயாலிசிஸ், இரவில் ஐ.சி.யூ. அழைப்புகள் என்று நாள் போவதே தெரியவில்லை. ஆராய்ச்சியில் எனக்கு உண்மையாகவே ஆர்வம் உண்டு. ஆனால் எங்கள் துறையில் ஆய்வுக்கூடம் இல்லை, ஆய்வுக்கென்று பணமும் இல்லை. கைடு நல்லவர், நோயாளிகளைப் பார்க்கவே அவருக்கு நேரம் போதவில்லை. கூடப் படிப்பவர்கள் கேஸ் ரிப்போர்ட், போஸ்டர் என்று எதையாவது செய்துகொண்டே இருக்கிறார்கள். நான் மூன்று வேலைகளைத் தொடங்கி மூன்றையும் பாதியில் விட்டிருக்கிறேன். ‘உங்கள் கட்டுரையை ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம்’ என்று தினமும் மின்னஞ்சல் வருகிறது. அவர்களுக்கே அனுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. பயிற்சிக் காலத்தில் உருப்படியான ஆராய்ச்சி செய்ய முடியுமா? ஃபெலோஷிப், உதவித்தொகை போன்றவற்றுக்கு என்னைப் போன்றவர்கள் முயலலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள டாக்டர்,

பயிற்சிக் காலத்தில் உருப்படியான ஆராய்ச்சி செய்ய முடியும். ஃபெலோஷிப்புகளுக்கும் தாராளமாக முயலலாம். அந்த ‘ஒரு வார’ மின்னஞ்சலுக்கு மட்டும் பதில் போட்டுவிடாதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ‘எங்கள் துறையில் ஆய்வுக்கூடம் இல்லை’ என்ற வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தினமும் நீங்கள் மணிக்கணக்கில் நிற்கிற டயாலிசிஸ் அறையை என்னவென்று நினைக்கிறீர்கள்? ஒரே நோயாளி வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், வருடக்கணக்கில் கண்ணெதிரே படுத்திருப்பது நம் துறையில்தான். வந்ததும் எடை, போகும்போது எடை. அரை மணிக்கு ஒருமுறை ரத்த அழுத்தம். பம்பின் வேகம், எடுத்த நீரின் அளவு, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஹெப்பாரின் அளவு, எந்தக் கையில் ஊசி குத்தினார்கள், எத்தனை முறை குத்த வேண்டியிருந்தது. மாதம் ஒருமுறை ஹீமோகுளோபின், பொட்டாசியம், கால்சியம், பாஸ்பேட். வாரம் மூன்று என்றால் ஒருவருக்கு வருடத்துக்கு 156 முறை. உங்கள் யூனிட்டில் 60 பேர் இருந்தால் 9,360 முறை. வேறு துறையில் இருப்பவர் இப்படி ஒரு தொடர் பதிவை உருவாக்கப் பெரும் பணமும் ஆட்களும் தேட வேண்டும். உங்களிடம் அது ஏற்கெனவே பதிவேட்டில் கிடக்கிறது.

யாரும் யோசிக்காமல் வழக்கமாகச் செய்துவரும் காரியங்களில்தான் நல்ல கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. டயாலிசிஸ் திரவத்தின் வெப்பநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட்டில் 37 டிகிரி வைப்பார்கள், இன்னொன்றில் 36.5, வேறொன்றில் அழுத்தம் இறங்குகிற நோயாளிக்கு மட்டும் 36க்கும் கீழே. குளிர்ந்த திரவம் இதயத்துக்கு நல்லது என்று சிறிய ஆய்வுகளை வைத்துப் பலரும் நம்பினோம். கனடாவின் ஒன்டாரியோவில் 84 டயாலிசிஸ் மையங்களில், 15,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நோயாளிகளைத் தனித்தனியாகப் பிரிக்காமல் மையங்களையே குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். விவரங்களையும் பெரும்பாலும் வழக்கமான மருத்துவப் பதிவுகளிலிருந்தே எடுத்தார்கள். மைடெம்ப் என்ற அந்த டிரையலின் முடிவு 2022இல் வந்தது. ஒவ்வொருவரின் உடல் சூட்டுக்கும் ஏற்பத் திரவத்தைக் குளிர்வித்ததால் இதயக் கோளாறுகளும் அதனால் வரும் மரணங்களும் குறையவில்லை. குளிர் தாங்கவில்லை என்று சொன்னவர்கள்தான் கூடினார்கள். இதில் புது மருந்தும் இல்லை, புது இயந்திரமும் இல்லை. நர்ஸ் ஒருவர் பட்டனை அழுத்தி மாற்றுகிற ஓர் எண்ணைத்தான் ஆராய்ந்தார்கள்.

டயாலிசிஸை எப்போது தொடங்குவது என்ற பெரிய விஷயத்திலேயே நாம் அப்படித்தான் இருந்தோம். சீக்கிரம் தொடங்கினால் நல்லது என்று பலர் நினைத்தார்கள். 2010இல் வெளியான ஐடியல் டிரையலில் 828 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தபோது, முன்கூட்டியே தொடங்கியவர்களின் ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது.

நீங்கள் 84 மையங்களைச் சேர்க்க முடியாது, சரி. ஒரு நோட்டைச் சேர்க்க முடியும். இன்று முதல் ஒரு மாதம் கோட்டுப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். சீனியர்கள் ‘பொதுவாக இப்படித்தான் செய்வோம்’ என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அதை எழுதுங்கள். நோயாளி ‘இது ஏன் டாக்டர்?’ என்று கேட்டு உங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியாமல் போனதையும் எழுதுங்கள். மாதக் கடைசியில் இருபது வரியாவது சேர்ந்திருக்கும். பதினைந்துக்குப் பாடநூலிலேயே பதில் கிடைத்துவிடும். மிச்சம் இருப்பவைதான் உங்களுக்கு வேண்டியவை.

கண்ணைத் திறந்து வைத்திருந்த மருத்துவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்பதற்கு நான் பயிற்சி மருத்துவர்களிடம் எப்போதும் சொல்வது பிரஸ்ஸல்ஸ் கதை. 1990களின் தொடக்கத்தில், அங்கே இளம் பெண்கள் இருவர் வேகமாகச் சிறுநீரகம் செயலிழந்து வந்தார்கள். பயாப்சியில் சிறுநீரகத் திசு நார்போல இறுகிக் கிடந்தது. வழக்கமான காரணம் எதுவும் பொருந்தவில்லை. இருவரும் உடல் மெலிய ஒரே கிளினிக்குக்குப் போனவர்கள் என்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அதோடு விடாமல், நகரத்தின் மற்ற சிறுநீரக மையங்களில் விசாரித்தார்கள். அதே கிளினிக்குக்குப் போன இன்னும் ஏழு பெண்கள் கிடைத்தார்கள். அந்த கிளினிக் 15 வருடம் பிரச்சினை இல்லாமல் நடந்திருக்கிறது. 1990இல்தான் சிகிச்சையில் சில சீன மூலிகைகளைச் சேர்த்திருக்கிறார்கள். ஒன்பது நோயாளிகளைப் பற்றிய அந்தக் கட்டுரை 1993இல் லான்செட்டில் வந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா வகை நச்சுச் செடி கலந்திருந்தது பின்னர் தெரியவந்தது. அதே நச்சு சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பதும், பால்கன் பகுதிக் கிராமங்களில் பல பத்தாண்டுகளாக விடை தெரியாமல் இருந்த சிறுநீரக நோய்க்கும் அதுதான் காரணம் என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. எல்லாம் தொடங்கியது, ‘உடம்பு இளைக்க என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று ஒருவர் பொறுமையாகக் கேட்டதில்.

இப்போது என் பயிற்சிக் காலத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், நீங்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காக. பெரிட்டோனியல் டயாலிசிஸில் (குழாய் வழியாக வயிற்றுக்குள் திரவம் விட்டு வடிக்கும் சிகிச்சையில்) இருப்பவர்களுக்கு வருகிற வயிற்றுத் தொற்றைப் பற்றி ஏறக்குறைய இரண்டு வருடம் ஒரு நீள நோட்டில் எழுதிவந்தேன். தேதி, வடிந்த திரவம் கலங்கலா தெளிவா, செல் எண்ணிக்கை, வளர்ந்த கிருமி, கொடுத்த மருந்து, கதீட்டரை, அதாவது அந்தக் குழாயை, எடுத்தோமா இல்லையா என்று எல்லாமே இருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு புள்ளியியலாளரிடம் போனேன். நான்கு பக்கம் புரட்டினார். “இவர்களுக்கெல்லாம் தொற்று வந்திருக்கிறது. வராதவர்கள் எங்கே?” என்று கேட்டார். அவர்கள் நோட்டில் இல்லை. அந்த இரண்டு வருடத்தில் மொத்தம் எத்தனை பேர் இந்தச் சிகிச்சையில் இருந்தார்கள், ஒவ்வொருவரும் எத்தனை மாதம் இருந்தார்கள் என்பதை நான் குறிக்கவே இல்லை. எதிக்ஸ் கமிட்டி அனுமதியும் வாங்கியிருக்கவில்லை; முடிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன். அந்த நோட்டிலிருந்து ஒரு வரிகூட வெளியாகவில்லை. எந்த நோயாளிக்கும் அதனால் பயன் இல்லை என்பதுதான் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

சர்வதேச பெரிட்டோனியல் டயாலிசிஸ் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல், ஒரு நோயாளி ஒரு வருடம் சிகிச்சையில் இருந்தால் சராசரியாக 0.40 தொற்றுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அந்த எண்ணோடு உங்கள் யூனிட்டை ஒப்பிட, தொற்றை மட்டும் எண்ணினால் போதாது; தொற்று இல்லாமல் கழிந்த மாதங்களையும் எண்ண வேண்டும். கழுத்தில் கதீட்டரோடு டயாலிசிஸுக்கு வருபவர்களுக்கும் இதே கணக்குத்தான். உதாரணமாக, 20 பேர் 180 நாள் கதீட்டரோடு இருந்தால் 3,600 கதீட்டர்-நாட்கள். அதில் 9 ரத்தத் தொற்று என்றால் 1,000 நாளுக்கு 2.5. இந்த ஒரு எண் கையில் இருந்தால், கட்டுப் போடும் முறையை மாற்றிய பிறகு அது குறைந்ததா என்று பார்க்கலாம், வேறு யூனிட்டோடு ஒப்பிடலாம், ஒரு கட்டுரைக்கு அடித்தளம் போடலாம். வகுக்கும் எண் இல்லாமல் வெறும் 9 என்று சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை.

வரையறையும் அதே அளவு முக்கியம். டயாலிசிஸின் நடுவே ரத்த அழுத்தம் இறங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் அழுத்தம் 20 புள்ளி இறங்கி அறிகுறியும் இருக்க வேண்டும் என்பார்கள் சிலர். 90க்குக் கீழே போனாலே போதும் என்பார்கள் வேறு சிலர். எதை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் யூனிட்டில் அது அடிக்கடி நடக்கிற விஷயமாகவும் தெரியும், எப்போதாவது நடக்கிற விஷயமாகவும் தெரியும். நடுவில் மாற்றினால் வேலை மொத்தமும் வீண். அதனால் விவரம் சேர்ப்பதற்கு முன்பே ஒரு வேலை செய்யுங்கள்: கட்டுரையில் வரப்போகிற அட்டவணைகளை எண்கள் இல்லாமல் வெறும் கட்டங்களாகத் தாளில் வரைந்துவிடுங்கள். எந்தக் கட்டத்துக்கு எண் எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியவில்லையோ, அந்த இடத்தில் உங்கள் திட்டத்தில் ஓட்டை இருக்கிறது. அந்தத் தாளோடு புள்ளியியலாளரிடம் போங்கள், டேட்டா சேர்த்த பிறகு அல்ல, சேர்ப்பதற்கு முன்பு. எதிக்ஸ் கமிட்டி விண்ணப்பமும் அந்தத் தாளிலிருந்தே பாதி எழுதப்பட்டுவிடும். பழைய பதிவேடுகளைப் பார்ப்பதுதானே என்று அனுமதி இல்லாமல் தொடங்காதீர்கள். பதிவேட்டில் இருப்பது நோயாளியின் வாழ்க்கை. அனுமதி எண் இல்லாவிட்டால் நல்ல ஜர்னல் எதுவும் கட்டுரையை எடுக்காது என்பது இரண்டாவது காரணம்தான்.

பாதியில் விட்ட மூன்று வேலைகளுக்கு வருவோம். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எதை வைப்பது? எது பெரியது, எது புதுமையானது என்று பார்க்காதீர்கள். பயிற்சி முடிவதற்கு ஆறு மாதம் முன்பே அதற்கு டேட்டா முழுமையாகச் சேர்ந்துவிடுமா? அதன் விடை எதுவாக வந்தாலும் உங்கள் யூனிட்டில் ஏதாவது ஒரு வழக்கம் மாறுமா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்று வருகிற வேலையை எடுங்கள். மற்ற இரண்டையும் ஜூனியர்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போதே யார் பெயர் எந்த இடத்தில் வரும் என்று கைடு முன்னிலையில் எழுதி வைத்துவிடுங்கள். மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: வேலையில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரை முழுமைக்கும் பொறுப்பு. நான்கும் இருந்தால்தான் ஒருவர் ஆசிரியர். பெயருக்காகச் சேர்ப்பதும், உழைத்தவரை விடுவதும் நம் துறையில் நட்புகளை முறித்த அளவுக்கு வேறெதுவும் முறித்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கைடைப் பற்றி. நேரம் இல்லாத நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் ‘ஒரு மணி நேரம் பேச வேண்டும்’ என்று கேட்டால் கிடைக்காது. ஒரு பக்கத் தாளை நீட்டி, ‘இதில் உங்களுக்கு உடன்பாடா சார்?’ என்று ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஐந்து நிமிடம் கேட்டால் கிடைக்கும். ஆய்வு முறையைக் கற்றுத்தர வேறொருவர் வேண்டும். அவர் உங்கள் துறைக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சமூக மருத்துவத் துறையில் ஒருவர், நோய்க்குறியியல் துறையில் பயாப்சி பார்க்கிற ஒருவர், உங்களைவிட மூன்று நான்கு வருடம் மூத்த ஒரு சிறுநீரக மருத்துவர் போதும். அண்மையில் இதே பாதையைக் கடந்தவர் சொல்லும் வழி, பேராசிரியர் சொல்வதைவிடச் சில நேரம் உபயோகமாக இருக்கும். டயாலிசிஸ் டெக்னீஷியனையும் மறக்காதீர்கள். எந்தப் பதிவை நம்பலாம், எந்தக் கட்டத்தை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கூடப் படிப்பவர்களின் கேஸ் ரிப்போர்ட்டுகளைப் பார்த்து மனம் தளர வேண்டாம், இளக்காரமாகவும் நினைக்க வேண்டாம். ஆஸ்திரியாவில் ஒரு மருத்துவர் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் காடோலினியம் சாயம் ஏற்றப்பட்ட ஒன்பது சிறுநீரகச் செயலிழப்பு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் ஐந்து பேருக்குத் தோல் இறுகிக் கட்டையாகும் நோய் வந்திருந்தது. 2006இல் வந்த அந்தச் சின்னக் கட்டுரைதான் சாயத்தின் மீது சந்தேகத்தைத் திருப்பியது. ஆபத்தான சாய வகைகளைத் தவிர்க்கத் தொடங்கிய பிறகு அந்த நோய் மிக அரிதாகிவிட்டது. ‘அபூர்வமான நோய்’ என்பதற்காக மட்டும் ஒரு கேஸை எழுதாதீர்கள். படிக்கிற மருத்துவர் நாளை எதையாவது வேறு விதமாகச் செய்வார் என்றால் எழுதுங்கள். நோயாளியின் எழுத்துபூர்வமான ஒப்புதலை அவர் வீட்டுக்குப் போகும் முன்பே வாங்கிவிடுங்கள். அப்புறம் தேடிப் பிடிப்பது பெரும் பாடு.

டேட்டா உங்கள் மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் ஐ.சி.யூ. விவரங்கள், அடையாளங்கள் நீக்கப்பட்டு, மிமிக் என்ற பெயரில் ஆய்வாளர்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆய்வு நெறி பற்றிய ஒரு பயிற்சியை முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பைப் பற்றிப் படிக்க அதில் ஏராளமாக இருக்கிறது. அமெரிக்காவின் என்ஹேன்ஸ் ஆய்வில் பொதுமக்களின் கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் அளவுகள் உண்டு, யாரும் இறக்கிக்கொள்ளலாம். பெரிய சிறுநீரக டிரையல்கள் சிலவற்றின் விவரங்களையும் விண்ணப்பித்துப் பெறலாம். என் கருத்தைக் கேட்டால், இவை கை பழக மிக நல்லவை. புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் மென்பொருள் இலவசம். அதில் ஒரு வரைபடம் போடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் உங்கள் வார்டில் படுத்திருப்பவரின் நிலைமை அந்த டேட்டாவில் இருக்காது. அதனால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற முறையான தொகுப்பாய்வு, இரவுப் பணிகளுக்கு நடுவே செய்யத் தோதானது. இருவர் வேண்டும், பொறுமை வேண்டும், நூலகர் ஒருவரின் உதவி வேண்டும். தொடங்கும் முன் திட்டத்தை ப்ராஸ்பெரோ என்ற இணையப் பதிவேட்டில் பதிவு செய்யுங்கள், எழுதும்போது எதையெல்லாம் குறிப்பிட வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா 2020 பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிட்னியை மையமாகக் கொண்ட காக்ரேன் சிறுநீரகக் குழு வெளியிட்ட தொகுப்பாய்வுகளில் இரண்டை முழுமையாகப் படித்தாலே முறை பிடிபட்டுவிடும்.

இன்னொரு வாசல் இருக்கிறது, நம்மில் பலர் அந்தப் பக்கம் போவதே இல்லை. நோயாளிகளையே கேட்பது. டயாலிசிஸ் ஆய்வுகளில் நாம் காலங்காலமாகப் பாஸ்பேட்டையும் ஹீமோகுளோபினையும் அளந்துகொண்டிருந்தோம். சாங் என்ற சர்வதேச முயற்சியில் நோயாளிகள், குடும்பத்தினர், மருத்துவர்கள் எல்லோரையும் கேட்டு, எல்லா டயாலிசிஸ் டிரையல்களும் கட்டாயம் அளக்க வேண்டியவை எவை என்று முடிவு செய்தார்கள். இதய நோய், மரணம், ரத்தம் எடுக்கும் வழியின் நிலைமை, இவற்றோடு நான்காவதாக உடல் சோர்வும் வந்தது. டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போய் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிற அந்த மாலை நேரத்தை நாம் அளக்கவே இல்லை! ‘முடிந்த பிறகு பழையபடி ஆக எத்தனை மணி நேரம் ஆகிறது?’ என்ற ஒரே கேள்வியை உங்கள் 60 பேரிடமும் முறையாக அனுமதி பெற்றுக் கேட்டுப் பாருங்கள். பணமே தேவைப்படாத ஆய்வு இது. கேட்பதற்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

அடிப்படை அறிவியலில் நாட்டம் இருந்தால் அதற்கும் வழி உண்டு, ஆனால் ஆய்வுக்கூடமும் முழு நேரமும் வேண்டும் என்பதால் பயிற்சி முடிந்த பிறகான ஓரிரு ஆண்டுகளுக்கு அதை வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். இப்போது ஒன்று செய்யலாம். பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு 2009இல் மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக வடிகட்டி நோய் உள்ள 37 பேரின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) பரிசோதித்து, 26 பேரிடம் பி.எல்.ஏ.2.ஆர். என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதைக் கண்டது. இன்று நாம் ஒரு ரத்தப் பரிசோதனையாகவே எழுதித் தருகிறோமே, அதுதான். அந்த 37 பேரின் சீரம் முறையாகக் கிடைத்ததால்தான் அது நடந்தது. பயாப்சி செய்யும் நாளில் ஒப்புதலோடு கொஞ்சம் சீரமும் சிறுநீரும் எடுத்து, மைனஸ் 80 டிகிரியில் வைத்து, ஒழுங்காகப் பட்டியலிட உங்கள் நிறுவனத்தில் ஏற்பாடு செய்ய முடியுமானால், உங்களுக்கு அடுத்து வருபவர்களுக்கு அது பெரிய சொத்து.

இனி ஃபெலோஷிப், உதவித்தொகை. சர்வதேச சிறுநீரகவியல் சங்கத்தில் முதலில் உறுப்பினராகுங்கள். பயிற்சியில் இருப்பவர்களுக்குச் சலுகை உண்டு. வசதி குறைந்த நாடுகளின் மருத்துவர்கள் வேறொரு மையத்தில் சில மாதங்கள் பயிற்சி பெற அந்தச் சங்கம் ஃபெலோஷிப் தருகிறது. திரும்பி வந்து சொந்த மையத்தில் கற்றதைச் செயல்படுத்த வேண்டும் என்பது அதன் நிபந்தனை. விண்ணப்பத்தில் ‘கற்றுக்கொள்ள ஆசை’ என்று எழுதுபவர்களைவிட, ‘எங்கள் மையத்தில் இது இல்லை, திரும்பி வந்ததும் இந்த மாதத்தில் இதைத் தொடங்குவேன், என் துறைத் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்’ என்று எழுதுபவருக்கே வாய்ப்பு அதிகம். வளர்ந்துவரும் மையத்தை அனுபவமுள்ள மையத்தோடு இணைக்கும் சகோதர மையத் திட்டமும் உண்டு. அதை உங்கள் துறைதான் கேட்க வேண்டும், நீங்கள் படிவத்தை எடுத்துக் கொடுக்கலாம். சங்கத்தின் உலக மாநாட்டில் அப்ஸ்ட்ராக்ட் ஏற்கப்பட்ட இளையவர்களுக்குப் பயண உதவியும் இருக்கிறது. ஐரோப்பியச் சங்கம், அமெரிக்கச் சங்கம் இரண்டிலும் இளையவர்களுக்கென்று தனித் திட்டங்கள் உண்டு. அமெரிக்காவின் மெயின் மாநிலக் கடற்கரையில், மீன்களின் சிறுநீரகத்தை வைத்து உடலியங்கியல் ஆய்வாளர் ஹோமர் ஸ்மித் பணியாற்றிய அதே ஆய்வு நிலையத்தில், இளம் சிறுநீரக மருத்துவர்களுக்கு உடலியங்கியல் முகாம் நடக்கிறது. ஒரு வாரம் கிடைத்தாலும் போய்விட்டு வரலாம். பயணமே முடியாது என்றால், குளோமெருலர் நோய்களுக்காக (சிறுநீரக வடிகட்டிகளின் நோய்களுக்காக) குளோம்கான் என்ற அமைப்பு இணையவழியில் நடத்தும் ஃபெலோஷிப்பையும், 2014 முதல் இணையத்தில் நடந்துவரும் நெஃப்ஜேசி என்ற சிறுநீரகவியல் கட்டுரை விவாதத்தையும் பாருங்கள். ஒரு கட்டுரையை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது என்று என்னுடைய மாணவர்கள் பலர் அங்கேதான் கற்றார்கள்.

அந்த மின்னஞ்சல். ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்றால், யாரும் படித்துப் பார்க்கப் போவதில்லை என்று பொருள். நல்ல ஜர்னலில் இரண்டு மூன்று நிபுணர்கள் படித்துக் கேள்வி கேட்கவே வாரங்கள் ஆகும். பணம் கட்டி அங்கே போட்டுவிட்டால் அதே கட்டுரையை வேறெங்கும் கொடுக்க முடியாது. உங்கள் இரண்டு வருட உழைப்பும், ஒப்புதல் கொடுத்த நோயாளிகளின் நம்பிக்கையும் அங்கேயே புதைந்துவிடும். உங்களுக்குப் பிடித்த ஐந்து கட்டுரைகள் எந்த ஜர்னல்களில் வந்தன என்று பாருங்கள், அந்த வரிசையிலிருந்து தொடங்குங்கள். நிராகரிப்பு வரும். எனக்கு இன்றும் வருகிறது. முதல் நாள் மூடி வையுங்கள், மூன்றாம் நாள் விமர்சகர் எழுதியதை ஒவ்வொரு வரியாகப் பிரித்து, சரியானதைத் திருத்தி, அடுத்த ஜர்னலுக்கு அனுப்புங்கள்.

நேரத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ‘விடுமுறையில் எழுதுவேன்’ என்பது நடக்காது. தூங்கிவிடுவீர்கள், தூங்கத்தான் வேண்டும். காலை ஷிஃப்ட் நோயாளிகளுக்கு இணைப்புக் கொடுத்து முடித்து, அடுத்த ரவுண்ட்ஸ் தொடங்குவதற்குள் ஒரு அரை மணி அமைதியாக இருக்கும். வாரத்தில் மூன்று நாள் அந்த அரை மணியை டேட்டாவுக்கு ஒதுக்குங்கள். அன்றன்றைக்கு நடந்ததை அன்றே பதிந்தால் பிறகு பழைய பதிவேடுகளில் தலையை விட வேண்டியிருக்காது.

அந்த நோட்டில் ஒரு மாதம் எழுதிய பிறகு, மிஞ்சிய கேள்விகளில் ஒன்றை ஒரே வாக்கியத்தில் எனக்கு எழுதி அனுப்புங்கள். யாரிடம், எதை அளந்து, எதோடு ஒப்பிட்டு, எத்தனை மாதத்தில் என்பது அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கட்டும். வெறும் கட்டங்கள் வரைந்த தாளைப் படம் எடுத்துக் கூடவே இணையுங்கள். ஓட்டை எங்கே என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம்.